மருமகள் கண்டுபிடித்த ஆங்கிலம்

என் மருமகள் போன வருடம் ஒரு புது ஆங்கிலத்தைக் கண்டுபிடித்தாள். அதுவரை யாரும் கேட்டிராத ஆங்கிலம். அந்த ஆங்கிலம் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. முதலில் எனக்கே தெரியாது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் சரியாக வரும். மருமகளுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. மொழி ஆராய்ச்சி. அதிலும் ஆங்கிலம் மட்டும், அதிலும் புத்தகத்தில் இருக்கிற ஆங்கிலம் இல்லை. யார், எந்த இடத்தில், எந்தக் காரியத்துக்காக, எந்த மாதிரி ஆங்கிலத்தை எடுத்துவிடுகிறார்கள் என்று பார்ப்பது. நாலு மொழிக்காரர்கள் கலந்து வாழ்கிற ஊர் இது. கடைக்காரருக்கும் வாடிக்கைக்காரருக்கும் நடுவில் ஆளாளுக்கு ஒரு ஆங்கிலம் ஓடிக்கொண்டிருக்கும். முடி வெட்டுகிறவர் ஒரு மாதிரி, பல் பிடுங்குகிறவர் ஒரு மாதிரி. இதைக் கேட்டு எழுதுவதற்கு ஒரு பட்டமா என்று மகனுக்குக் கல்யாணமான புதிதில் என் அக்காவிடம் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் ஒலிப்பதிவுக் கருவியைத்தான் எடுத்துக்கொண்டு போனாள். சலவைக் கடைக்காரர் அதைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு, நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவர் மாதிரி விறைத்துவிட்டாராம். சாதாரணமாகப் பேசுங்கள் என்று இவள் கெஞ்சக் கெஞ்ச, அவர் ஒரு வரவேற்புரையே ஆற்றி முடித்திருக்கிறார். சரிதான் என்று கருவியைப் பெட்டியில் போட்டுவிட்டு, மூன்று மாணவிகளை ஆறு இடங்களில் மாற்றி மாற்றி உட்கார வைத்தாள். முடிதிருத்தும் கடை, பல் மருத்துவமனைக் காத்திருப்பு அறை, பேருந்துப் பணிமனை, சலவைக் கடை, மருந்துக் கடை, கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி. எல்லோரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கியாயிற்று. மாணவிகள் மூலையில், கார் பள்ளியில் என்றால் பின் சீட்டில், உட்கார்ந்து காதில் விழுவதையெல்லாம் நோட்டில் எழுத வேண்டும். இருமினால் இருமல். பாதியில் நிறுத்தினால் பாதி. ஒரு வாரத்தில் அவர்களையும் நாற்காலியோடு நாற்காலியாக மறந்துபோய், ஜனங்கள் இஷ்டத்துக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஏழு மாதத்தில் பதினோரு நோட்டு நிரம்பியது.

பதினோரு நோட்டையும் கணினியில் ஏற்ற ஆள் வேண்டும். எழுத்தோ, எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி. மருமகள் வீட்டுக்குள்ளேயே ஆள் பிடித்தாள். முப்பத்திரண்டு வருடம் சரக்குக் கப்பல் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் நான். எப்பேர்ப்பட்ட கையெழுத்தின் ஜம்பமும் என்னிடம் பலிக்காது.

"அப்படியே அடிங்க அத்தை. உங்களுக்கு அர்த்தம் தெரியாதது ஒரு விதத்துல நல்லது. கை பாட்டுக்குப் போகும்" என்றாள்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அர்த்தம் தெரியும். எல்லாமே தெரியும்.

தெரியாது என்று கிளப்பிவிட்டவர் என் வீட்டுக்காரர். "இவ கை மட்டும்தான் இங்கிலீஷ் படிச்சிருக்கு, தலை பக்கம் அது போகவே இல்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நான் பேசி யாரும் கேட்டதில்லை என்பதால் எல்லோரும் நம்பினார்கள். மறுத்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவரும் போய்ச் சேர்ந்தார். அதற்குள் மகனுக்குக் கல்யாணமாகி, இரண்டாம் மாதமே சாப்பாட்டு மேசையில் மகனும் மருமகளும் என் முன்னாலேயே ஆங்கிலத்தில் ரகசியம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் அம்மா யார் மேலோ இருக்கிற கோபத்தை உப்பில் காட்டுகிறார் என்றாள். முகத்தை அசைக்காமல் எழுந்து போய்க் கை கழுவினேன். மறுநாள் உப்பைக் குறைத்தேன்.

அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே இன்னும் ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது. அப்படியே இருந்தும் விட்டேன். பச்சை மழைக்கோட்டு வேண்டும் என்று அவனிடம் ஆங்கிலத்தில் புலம்புவாள், பிறந்தநாளுக்கு என்னிடமிருந்து பச்சை மழைக்கோட்டு வரும். என் அக்கா வந்து பத்து நாள் தங்கியதில் மூச்சு முட்டுகிறது என்பாள், பதினோராவது நாள் அக்காவுக்கு நான் பயணச்சீட்டு எடுத்திருப்பேன். "எங்க அத்தைக்கு மனசைப் படிக்கத் தெரியும்" என்று பல்கலைக்கழகம் பூராவும் என் பெயர் பரவியது. பக்கத்து வீட்டுக்காரி தன் மாமியாரைத் திட்டும்போது என்னை உதாரணம் காட்டுகிற அளவுக்குப் போய்விட்டது. இப்படி ஒரு பெயரை யாராவது கையால் தட்டிவிடுவார்களா, சொல்லுங்கள்.

நோட்டுக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் மேலாளர் கடிதத்தைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டு "அப்படியே அடி" என்பார். அப்படியே அடித்தால் அன்றைக்கே வேலை போய்விடும். அவர் எழுதியதைச் சீவி, துடைத்து, மரியாதை பூசி, ஒரு பெரிய மனிதர் எழுதிய மாதிரி ஆக்கிக் கொடுப்பதுதான் தட்டச்சுக்காரியின் வேலை. அவரும் படித்துப் பார்த்துவிட்டு, நாம் எவ்வளவு அழகாக எழுதுகிறோம் என்ற நினைப்பில் கையெழுத்துப் போடுவார். முப்பத்திரண்டு வருடம் இப்படியே போனதில், "அப்படியே அடி" என்றால் "அழகாக அடி" என்றுதான் என் விரலுக்கு அர்த்தம்.

அழகாக அடித்தேன். பதினோரு நோட்டையும்.

முடிவெட்டுகிறவர் "ஹெட் டவுன், டோன்ட் ஷேக்" என்று அதட்டியிருந்தார். பெரியவர்களிடம் இப்படியா பேசுவது. தங்கள் தலையைச் சற்றுத் தாழ்த்தி ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் மாற்றினேன். பணிமனைக்காரர் "பிரேக் கான், டீ ஃபர்ஸ்ட்" என்றதை, பிரேக் பழுதடைந்துள்ளதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம், தேநீர் இடைவேளைக்குப் பின் உடனடியாகக் கவனிக்கப்படும் என்று ஆக்கினேன். கார் கற்றுக்கொடுக்கிறவர் ஒரு பக்கம் முழுக்க "பிரேக், பிரேக், மை காட், பிரேக்" என்று அலறியிருந்தார். அதைத் தங்கள் வசதிக்கேற்ப இயன்ற விரைவில் பிரேக்கைப் பயன்படுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன் என்று ஒரே வரியில் முடித்தேன். பக்கமும் மிச்சம்.

மருமகளுக்கு அந்தப் பருவத்தில் வகுப்பு, தேர்வுத்தாள் என்று கழுத்து வரைக்கும் வேலை. நோட்டைத் திறந்து பார்க்க நேரமே இல்லை. நான் அடித்ததைக் கணினியில் கொடுத்து, எந்த வார்த்தை எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னாள். கணினி எண்ணியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கையைக்கூட நனைக்காமல், மேசையில் தாளம் போட்டுக்கொண்டு மகனிடம் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். ஆறு இடம், ஆறு தொழில், ஒரே ஆங்கிலமாம். படித்தவர் படிக்காதவர் வித்தியாசமே இல்லையாம். அதைவிட ஆச்சரியம், ஆபத்து நெருங்க நெருங்க இந்த ஊர் ஜனங்களுக்கு மரியாதை கூடுகிறதாம். கார் சுவரில் மோதப் போகிற நேரத்தில் ஒரு மனிதர் நன்றி சொல்கிறாராம். உலகத்தில் எங்கேயும் இப்படி ஒரு வழக்கம் பதிவானதே இல்லை. நாற்பது பக்கக் கட்டுரை எழுதியாயிற்று. வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் வாசிக்க வேண்டும். தேறினால் அவள் வேலை இன்னும் மூன்று வருடம் நீடிக்கும், ஜன்னல் வைத்த அறைகூடக் கிடைக்கலாம். தேறாவிட்டால் இந்த மாதத்தோடு வேலை முடிந்தது, பழையபடி முப்பது நாளில் ஆங்கிலம் பேசலாம் என்கிற வகுப்புக்குத்தான் போக வேண்டும்.

கரண்டி என் கையில் இருந்தது. கரண்டியில் இருந்தது மேசை விரிப்புக்குப் போய்விட்டது.

"என்னாச்சும்மா?" என்றான் மகன்.

"ஒண்ணுமில்லப்பா, கை வழுக்கிடுச்சு" என்றேன்.

அன்று சாயங்காலம் சுற்றி வளைத்துப் பார்த்தேன். அந்தக் கார் கற்றுக்கொடுக்கிறவர் ரொம்ப சாதுவோ, ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாயேன் என்றேன். அவர் சாது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் திரும்பியதும், முகத்தில் ஒரு களை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன் என்று உளறிவிட்டு நகர்ந்தேன். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. போதாததற்கு மதிப்பீட்டுக் குழுவின் தலைவியைப் பற்றியும் மகன் சொன்னான். மாணவர்கள் அந்த அம்மாவுக்கு வைத்திருக்கிற பெயர் சல்லடை. ஒவ்வொரு வாக்கியத்தையும் போட்டுச் சலித்துவிட்டுத்தான் விடுவாராம். முதல் கேள்வியே, மூல நோட்டு எங்கே என்பதாகத்தான் இருக்குமாம்.

என் பெயரா, அவள் வேலையா என்று யோசிக்க ஒரு சமையல் நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் காலையில் அவள் பையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடுகிற நேரத்தில் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தமிழில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன், முப்பத்திரண்டு வருட அலுவலகம் வெளியே வந்தது.

"வித் ரெஃபரன்ஸ் டு யுவர் நோட்புக்ஸ், ஐ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ தட் ஐ ஹாவ் கரெக்டட் ஆல் தி பெர்சன்ஸ்."

அந்த வீட்டில் நான் பேசிய முதல் ஆங்கிலம். சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு செருப்பு அவள் காலில், ஒன்று கையில். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குளியலறையிலிருந்து பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடிவந்த மகன், யார் பேசியது என்பதுபோல் வாசலை எட்டிப் பார்த்தான்.

ஆராய்ச்சியைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்தேன். இல்லை.

"ஒன்பது வருஷமாவா அத்தை?"

"ஆமாம்மா."

"அந்தப் பச்சை ரெயின்கோட்?"

"நீ சொன்னதைத்தான் கேட்டு வாங்கினேன்."

"உப்பு?"

"அதுவும்தான்."

"உங்க அக்காவைப் பத்தி நான் சொன்னது?"

"அதுல எனக்கும் அதே அபிப்பிராயம்தான்" என்றேன்.

மகன் நுரையோடு சிரித்துப் புரையேறி இருமினான். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ மரியாதையா கார் ஓட்டச் சொல்லித் தர்றவர்னு ஒருத்தர் உலகத்துலயே இல்ல" என்றாள், யாரோ செத்துப்போன மாதிரி. பிறகு நோட்டெல்லாம் எங்கே என்று கேட்டாள். அடித்து முடித்த காகிதம் பழைய பேப்பர்காரருக்குத்தான் போயிருக்கும் என்று முடிவே கட்டிவிட்டாள்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. எங்கள் அலுவலகத்தில் கைப்பிரதியை மூன்று வருடத்துக்கு வெளியே விட மாட்டோம். என் அலமாரியின் கீழ்த் தட்டில், போர்வைக்கு அடியில், பதினோரு நோட்டும் வெள்ளை நாடாவால் கட்டி, தேதிச் சீட்டு ஒட்டி, வரிசை எண் போட்டு இருந்தது. கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன். அவள் நாடாவை அவிழ்த்து, கார் பள்ளி நோட்டைப் பிரித்தாள். அந்த "மை காட்" பக்கத்தைப் படித்தாள். உதடு கோணியது. இன்னொரு பக்கம் படித்தாள். அப்புறம் சுவரில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்தாள்.

வெள்ளிக்கு நாலு நாள். எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டும், இந்த முறை நிஜமாகவே அப்படியே. மகன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். நாள் பூராவும் மற்றவர்களை எழுத்து வாசிக்கச் சொல்கிறவனை, இப்போது நாங்கள் வாசிக்கச் சொன்னோம். விடுப்பு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் வாசிக்க, நான் அடிக்க, அவள் பக்கத்தில் நின்று சரிபார்க்க.

நடக்கவில்லை. "ஹெட் டவுன்" என்று அவன் வாசித்தான், என் விரல் தானாக முன்னால் ஒரு தயவுசெய்து போட்டது. அழித்தாள். மறுபடி வாசித்தான், மறுபடி போட்டது. மூன்றாவது முறை தயவுசெய்து போகவில்லை, ஆனால் கடைசியில் ஒரு நன்றி வந்து ஒட்டிக்கொண்டது. கண் பார்த்துப் பார்த்துத்தான் கை திருத்துகிறது என்று மருமகள் ஒரு யோசனை செய்தாள். குளியல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கணினித் திரையை மூடிவிட்டாள். இனி காது கேட்பதை விரல் அடிக்கட்டும் என்றாள். அவள் பக்கவாட்டில் நின்று, துண்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். பழைய காலத்துப் புகைப்படக்காரர் மாதிரி.

அதற்குப் பிறகு ஓடியது. மகனுக்கும் சூடு பிடித்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் வைத்தான். மருந்துக் கடைக்காரருக்கு மூக்கால், பல் மருத்துவமனை வரவேற்புப் பெண்ணுக்குக் கீச்சுக் குரலில். கார் பள்ளிப் பக்கம் வந்தபோது எழுந்து நின்று, கையைக் காலை உதறிக்கொண்டு பிரேக் பிரேக் என்று அவன் கத்தியதில் நான் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தேன். மேசை நகர்ந்தது. துண்டுக்குள்ளிருந்து மருமகள், "இதுதான், இதுதான் வேணும்" என்று கூவினாள். மரியாதை இல்லாமல் அடிப்பது இத்தனை சுகம் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. யாரோ யாரையோ முட்டாள் என்கிறார், அடித்தேன். யாரோ வாக்கியத்தை நடுவிலே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார், அப்படியே விட்டேன். விரலெல்லாம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஓடின. புதன், வியாழன் இரண்டு நாளும் சமையலே கிடையாது, வெறும் ரொட்டிதான்.

நாற்பது பக்கக் கட்டுரையை மருமகள் கிழிக்கவில்லை. அதற்கு முன்னால் பன்னிரண்டு பக்கம் புதிதாக எழுதிச் சேர்த்தாள். வெள்ளிக்கிழமை காலையில் என்னையும் புடவை மாற்றச் சொன்னாள்.

"நான் எதுக்கும்மா அங்க?"

"ஆறு இடம்னு நெனச்சேன் அத்தை. ஏழு இருக்கு. நீங்கதான் ஏழாவது."

சல்லடை அம்மா குள்ளமாக, கழுத்தில் சங்கிலி கோத்த கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு பேர், அவர்கள் சேர்ந்து தலையாட்ட வந்தவர்கள். மருமகள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். என் கண்டுபிடிப்பு தப்பு, தப்பு எங்கள் வீட்டிலேயே நடந்தது, ஆனால் ஒரே பேச்சு இப்போது இரண்டு விதமாக என் கையில் இருக்கிறது, ஒன்று வாயால் சொன்னது, ஒன்று அலுவலகம் அதை என்ன செய்யும் என்பது என்றாள். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, ஆனால் நடுவில் ஒரு தண்ணீர்க் கூஜா.

சல்லடை அம்மா இரண்டு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கார் பள்ளிப் பக்கத்தைத் தேடிப்பிடித்து, முதலில் புதியதை வாசித்தார், பிறகு என்னுடையதை. இயன்ற விரைவில் என்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். நன்றியுடையவனாக என்கிற இடத்தில் தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்த இருவரும் சிரிக்கலாமா என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார்கள்.

பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார், கார் மோதப் போகிற நேரத்தில் அந்த மனிதரை ஏன் அவ்வளவு அமைதியாக்கினீர்கள் என்று. எனக்கு ஆங்கிலம் வரவில்லை, தமிழ்தான் வந்தது.

"காகிதத்துல யாரும் கத்தக் கூடாதுங்க மேடம். அப்படித்தான் எங்களைப் பழக்கியிருக்காங்க."

மருமகள் மொழிபெயர்க்க வாயெடுத்தாள். சல்லடை அம்மா வேண்டாம் என்று கை காட்டினார். "எனக்கும் தமிழ் புரியும்" என்றார் தமிழில். இரண்டு பக்கமும் தலையாட்டிகள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், எத்தனை வருடமாக அவர் முன்னால் தமிழில் என்னென்ன பேசினார்களோ, எல்லாம் தெரிந்தது. நானும் அந்த அம்மாவும் ஒரே ஒரு நொடி கண்ணுக்குள் கண் பார்த்துக்கொண்டோம். அதை நான் யாரிடமும் விளக்கிச் சொல்லப்போவதில்லை.

மூன்று வருடம் கிடைக்கவில்லை. முதலில் ஒரு வருடம், நோட்டையெல்லாம் நேரில் சரிபார்த்த பிறகு மேற்கொண்டு பார்க்கலாம் என்று முடிவானது. அறைக்கு ஜன்னல் இல்லை. கதவு இருக்கிறது, அதில் அவள் பெயர் இருக்கிறது. ஏழாவது இடம் பற்றித் தனியாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள், அதற்காகச் செவ்வாய்க்கிழமைதோறும் என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறாள். மேலாளரைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்துவதில்லை.

வீட்டில்தான் ஒரு மாதம் கஷ்டமாகப் போனது. சாப்பாட்டு மேசையில் அவள் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பாள், பாதியில் என்னைப் பார்ப்பாள், தண்ணீர் வேண்டுமா என்று தமிழில் முடிப்பாள். மகன் கண்ணால் ஜாடை காட்டப் பார்த்தான். கண் பரிசோதிக்கிறவனுக்கு அதுவும் சரியாக வரவில்லை. உப்பு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. நானாகவே வாயைத் திறந்து கேட்க வேண்டியிருந்தது. "இன்னைக்குக் கொஞ்சம் தூக்கல் அத்தை" என்று அவள் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பழைய ருசி இல்லை.

இரண்டு மாதமாக இருவரும் சனிக்கிழமை காலையில் எங்கேயோ கிளம்பிப் போகிறார்கள். நடைப்பயிற்சி என்றான் மகன். நடைப்பயிற்சிக்குப் பேனா எதற்கு என்று நான் கேட்கவில்லை. நேற்று மருமகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். எழுத்து ஆங்கில எழுத்துதான், வார்த்தை எதுவும் பிடிபடவில்லை, ஓரத்தில் மட்டும் பொடியாகத் தமிழில் அர்த்தம் எழுதியிருந்தது. இத்தாலிய மொழியாம்.

"பரீட்சைக்குப் படிக்கணும் அத்தை, கொஞ்சம் டைப் பண்ணிக் குடுங்க. இது உங்களுக்கு நிஜமாவே தெரியாது, அதனால அப்படியே அடிச்சிடலாம்" என்று, கண்ணில் ஒரு குறும்போடு சொன்னாள்.

அப்படியேதான் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. மூன்றாம் பாடம் முடிந்தது. உப்புக்கு இத்தாலிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று ஏழாம் பாடத்தில் வருகிறது.